தேய்மானப் பட்டியலில் முதலிடம் பெற்ற ஆயிலை நம்பி ஊற்றலாமா?

வாசகர் கேள்வி – பதில்: இன்ஜின் ஆயில்

கேள்வி: பல ஆயில்களைச் சோதித்து, ஒவ்வொன்றும் தாங்கும் அழுத்தத்தை பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு) கணக்கில் வரிசைப்படுத்திய பட்டியல் ஒன்றைப் பார்த்தேன். என் காருக்கு மேனுவல் சொல்வது ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் தரம்) தரத்தில், 5டபிள்யூ-30 பாகுத்தன்மை கிரேடு. பட்டியலிலோ ஒரு 0டபிள்யூ-20 ஆயில் 1,20,000 பிஎஸ்ஐ எடுத்து மேலே நிற்கிறது. நான் ஊற்றும் ஆயிலுக்கு 95,000தான். மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தாலே காரணம் விளங்கிவிடும்.

இத்தகைய சோதனைகளில் ஆயிலில் நனைந்த ஒரு எஃகுத் துண்டை, சுழலும் இன்னொரு எஃகின் மீது குறிப்பிட்ட எடையால் அழுத்துவார்கள். நேரம் முடிந்ததும் துண்டில் விழுந்த தேய்வுத் தழும்பை நுண்ணோக்கியில் அளப்பார்கள். கொடுத்த எடையைத் தழும்பின் பரப்பால் வகுத்தால் ஓர் அழுத்த எண் கிடைக்கும். அதைத்தான் ‘ஆயில் படலத்தின் வலிமை’ என்று பெயரிட்டு அச்சிடுகிறார்கள். படலம் எந்த அழுத்தத்தில் கிழிந்தது என்று யாரும் நேரடியாக அளக்கவில்லை. அளந்தது தழும்பை மட்டுமே.

தழும்பின் விட்டத்தை வர்க்கமாக்கினால்தான் பரப்பு வரும் என்பதால், அளவில் நேரும் சிறு பிசகும் பிஎஸ்ஐ கணக்கில் ஊதிப் பெருகும். இத்துறையில் நன்கு அறியப்பட்ட நான்கு பந்துச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். ஏஎஸ்டிஎம் டி4172 என்ற தர நிர்ணய முறைப்படி 12.7 மி.மீ. விட்டமுள்ள நான்கு எஃகு பந்துகள்; மூன்று அசையாமல் இருக்க, நான்காவது அவற்றின் மேல் 1,200 ஆர்பிஎம் வேகத்தில், 75 டிகிரி செல்சியஸில், 60 நிமிடம் சுழலும். ஒரே ஆய்வகத்தில், ஒரே கருவியில், ஒரே ஆயிலை இரண்டு முறை சோதித்தாலே தழும்பு 0.12 மி.மீ. வரை மாறக்கூடும் என்று அந்த முறையே ஒப்புக்கொள்கிறது. வேறு ஆய்வகத்துக்குப் போனால் அது 0.28 மி.மீ. இப்போது கணக்கைப் போடுங்கள். முதல் முறை 0.50 மி.மீ., இரண்டாம் முறை 0.62 மி.மீ. என்றால் பரப்பு 0.196-லிருந்து 0.302 சதுர மி.மீ. ஆகிவிடும். ஆயிலில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் ‘வலிமை’யில் ஒன்றுக்கு ஒன்றரை மடங்கு வித்தியாசம் காட்டும். உங்கள் பட்டியலின் 1,20,000-க்கும் 95,000-க்கும் இடையே 26 சதவீதமே வித்தியாசம். நான்கு பந்துச் சோதனையின் அளவுகோலில் வைத்தால் இது 0.50 மி.மீ. தழும்புக்கும் 0.56 மி.மீ. தழும்புக்கும் உள்ள இடைவெளி. அந்த ஒரே ஆயிலே இரண்டு இடங்களையும் பிடித்திருக்கலாம்.

ஆகவே பட்டியல் போட்டவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒவ்வொரு ஆயிலையும் எத்தனை முறை சோதித்தீர்கள், முடிவுகள் எவ்வளவு சிதறின? ஒரே ஒரு ஓட்டம் என்றால் முதலிடம், பத்தாம் இடம், முப்பதாம் இடம் என்ற பிரிவுக்கே பொருள் இல்லை. எடை, வேகம், வெப்பநிலை, நேரம் எதையும் வெளியிடாமல் எண்ணை மட்டும் தந்தால் அந்தப் பட்டியலை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

இனி உங்கள் காருக்கு வருவோம். ஏசிஇஏ சி3 என்ற எழுத்துக்குள் இரண்டு நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன. சல்பேட்டட் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சைலன்சர் பாதையில் உள்ள புகைக்கரி ஃபில்டர் சாம்பலால் அடைபடாமல் இருக்க இது தேவை. இரண்டாவது, 150 டிகிரியில் கடும் இழுவையின் கீழ் அளக்கும் பாகுத்தன்மை, அதாவது ஹெச்டிஹெச்எஸ், குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-விநாடி இருக்க வேண்டும். 20 கிரேடு ஆயிலுக்கு, பாகுத்தன்மை கிரேடுகளை வகுக்கும் எஸ்ஏஇ ஜே300 விதி கேட்பது 2.6 மட்டுமே. கிராங்க் பேரிங்கில் படலத்தைத் தூக்கிப் பிடிப்பது இந்த எண்தான். பட்டியலின் உச்சியில் இருக்கும் ஆயிலை ஊற்றினால், உங்கள் இன்ஜினை வடிவமைத்தவர் எதிர்பார்த்ததைவிட நான்கில் ஒரு பங்கு மெல்லிய ஆயில் பேரிங்குக்குப் போகும். எஃகுத் துண்டு தேய்க்கும் கருவிக்கு இது தெரியாது. அதில் ஆயில் பம்ப்பும் இல்லை, பேரிங் இடைவெளியும் இல்லை.

கேள்வி: சுழலும் வளையத்தின் மீது பேரிங்கை அழுத்திக் காட்டும் செயல்விளக்கம் பார்த்தேன். சாதாரண ஆயிலில் உடனே கிறீச்சிட்டு நின்றுவிட்டது. ஒரு சேர்மானத்தை (ஆயிலில் கலக்கும் வேதிப்பொருளை) சில சொட்டு விட்டதும் எத்தனை எடை தொங்கவிட்டாலும் ஓடியது. கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது?

பதில்: நீங்கள் பார்த்தது நடந்ததுதான், ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. ஆனால் அது கியர் ஆயிலுக்கும் உலோகம் வெட்டும் ஆயிலுக்கும் உரிய பரீட்சை. எஃகு எஃகோடு மிகக் கடுமையாக உரசும்போது அந்த இடம் நொடியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் குளோரினோ கந்தகமோ கலந்த சேர்மானம் எஃகோடு வினைபுரிந்து, எளிதில் வழுக்கும் ஒரு மேல்பூச்சை உண்டாக்கும். பேரிங் பிடிக்காமல் ஓடுவதற்கு அதுதான் காரணம். ஒரு வகையில் அது கட்டுப்பாட்டோடு நடக்கும் அரிப்பு.

இன்ஜினுக்குள் சங்கதி வேறு. எரிபொருள் எரிந்து வரும் நீராவி ஆயிலில் கலக்கும். குளோரின் சேர்மானம் சிதைந்து அந்த ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகும். காரீயமும் செம்பும் கொண்ட பேரிங் பூச்சை அது தின்னும். செயல்விளக்கம் சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் இந்தப் பக்கம் யாருக்கும் தெரிவதில்லை.

இந்தச் சோதனையின் தகுதியை எடைபோட ஒரு நேர்வழி உண்டு. ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட்) ஜிஎல்-5 தரத்துப் பின் அச்சு கியர் ஆயிலை அதே கருவியில் ஊற்றினால் எந்த இன்ஜின் ஆயிலையும் அது எளிதில் தோற்கடிக்கும். அதை இன்ஜினில் ஊற்ற யாரும் துணிவதில்லை. அழுக்கைக் கழுவும் டிடர்ஜென்ட்டும், கரியை மிதக்கவைக்கும் சேர்மானமும், அமிலத்தை அடக்கும் காரத்தன்மையும் இன்ஜினுக்கு வேண்டிய அளவில் அதில் கிடையாது. ஊற்றவே கூடாத ஒன்று முதலிடம் பிடிக்கும் பரீட்சையை வைத்து ஊற்ற வேண்டியதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கேள்வி: அப்படியானால் தேய்மானத்தை உருப்படியாக அளக்கும் சோதனைதான் எது?

பதில்: முழு இன்ஜினை ஓட்டிப் பிரித்து அளக்கும் சோதனைகள். டப்பாவின் பின்பக்கம் ஏபிஐ வட்டச் சின்னத்துக்குள் இருக்கும் இரண்டு எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பவை அவைதான். வாசகர்கள் பலர் அந்த எழுத்துகளை வெறும் விளம்பரமாக எண்ணிக் கடந்துபோகிறார்கள். நமக்கு அது வருத்தம் தருகிறது.

ஏபிஐ எஸ்என் என்ற தரத்தின் காலத்தில், வால்வுகளைத் திறக்கும் கேமின் தேய்மானத்துக்கு ‘சீக்வென்ஸ் 4ஏ’ சோதனை இருந்தது. நிசானின் 2.4 லிட்டர் கேஏ24இ இன்ஜின் 100 மணி நேரம் ஓடும். ஒவ்வொரு கேம் லோபிலும் ஏழு இடங்களில் அளந்து கூட்டிப் பார்த்தால் சராசரி 90 மைக்ரானைத் தாண்டக்கூடாது. இதில் கவனிக்க வேண்டியது வெப்பநிலை. பெரும்பாலான நேரம் இன்ஜின் ஐட்லிங்கில், ஆயில் ஏறக்குறைய 50 டிகிரியில்தான் இருக்கும். கேம் அதிகம் தேய்வது அங்கேதான். வேகம் குறைவாக இருப்பதால் ஆயில் படலம் மெலிந்துபோகும். சூடு போதாததால் ஜிங்க் சேர்மானத்தின் காப்புப் பூச்சும் மெதுவாகவே உருவாகும். நூறு டிகிரிக்கு மேல் ஆயிலைச் சூடாக்கி உரசிப் பார்க்கும் பட்டியல்கள் இந்த நிலையைத் தொடுவதே இல்லை.

2020 மே மாதம் வந்த ஏபிஐ எஸ்பி, ஐஎல்எஸ்ஏசி (அமெரிக்க, ஜப்பானிய கார் தயாரிப்பாளர்களின் குழு) ஜிஎஃப்-6 தரங்களில் அந்த இடத்துக்கு ‘4பி’ வந்தது. டொயோட்டாவின் 1.5 லிட்டர் 2என்ஆர்-எஃப்இ இன்ஜின், 30 விநாடிச் சுற்றுகளாக 24,000 சுற்று, மொத்தம் 200 மணி நேரம். கேமுக்கும் வால்வுக்கும் இடையே இருக்கும் இன்டேக் லிஃப்டர்களில் தேய்ந்துபோன உலோகத்தின் சராசரி கன அளவு 2.7 கன மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். கூடவே டைமிங் செயினுக்கென்று ‘சீக்வென்ஸ் 10’ சேர்ந்தது. ஃபோர்டின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜினை 216 மணி நேரம் ஓட்டிச் செயின் எவ்வளவு நீண்டது என்று பார்ப்பார்கள். ஜிஎஃப்-6 வரம்பு 0.085 சதவீதம். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜின்களில் ஆயிலில் சேரும் நுண்கரி செயின் மூட்டுகளை அரிப்பதால்தான் இந்தச் சோதனையே தேவைப்பட்டது. பேரிங் அரிப்புக்குத் தனிச் சோதனை உண்டு. 40 மணி நேரத்தில் பேரிங் இழக்கும் எடை 26 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது.

தேய்மானத்தோடு நேரடித் தொடர்பில்லை என்று தோன்றும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘3ஹெச்’ சோதனையில் ஆயிலை 150 டிகிரிச் சூட்டில் 90 மணி நேரம் இன்ஜினில் வேகவைத்து, அது எவ்வளவு தடித்தது, பிஸ்டனில் எவ்வளவு படிவு சேர்ந்தது என்று பார்ப்பார்கள். பிஸ்டன் ரிங் அதன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டால் லைனர் கீறும், ஆயில் எரியும். பட்டியலில் உச்சியில் நிற்கும் ஆயில் ஒன்று ரிங்குகளை ஒட்டவைக்குமா என்பதை அந்தப் பட்டியல் ஒருநாளும் சொல்லாது.

இந்த முழு இன்ஜின் சோதனைகளிலும் ஒரு குறை உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தேர்ச்சி அல்லது தோல்வி என்றுதான் முடிவு வரும். 4பி சோதனையில் 2.6 எடுத்துத் தப்பியதும் 1.0 எடுத்து வென்றதும் டப்பாவில் ஒரே எழுத்தைத்தான் சுமக்கும். அந்த வித்தியாசத்தைத் தேடித்தான் மக்கள் தரவரிசைப் பக்கம் போகிறார்கள். தேடல் நியாயமானது; போகும் இடம்தான் தவறு. கார் தயாரிப்பாளர்களின் சொந்த அங்கீகாரங்கள் இந்த இடைவெளியை நன்றாகவே நிரப்புகின்றன. வோக்ஸ்வாகன் 504 00 / 507 00, மெர்சிடிஸ் பென்ஸ் 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04 போன்றவை பொதுத் தரத்தைவிடக் கடுமையான வரம்புகளையும் கூடுதல் இன்ஜின் சோதனைகளையும் வைக்கின்றன. டப்பாவில் வாசகத்தைக் கூர்ந்து படியுங்கள். ‘அங்கீகாரம் பெற்றது’ என்றால் கார் தயாரிப்பாளர் சோதனை முடிவுகளைப் பார்த்து அனுமதித்திருக்கிறார். ‘இந்தத் தரம் கேட்கும் வாகனங்களுக்கு ஏற்றது’ என்றால் அது ஆயில் கம்பெனியின் சொந்த வாக்கு மட்டுமே.

கேள்வி: ஜிங்க் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) அதிகம் உள்ள ஆயில்தான் தேய்மானத்தைத் தடுக்கும் என்கிறார் எங்கள் மெக்கானிக் அண்ணன். உண்மையா?

பதில்: பழைய இன்ஜினுக்குப் பாதி உண்மை. ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்மானம் (சுருக்கமாக ஜெட்டிடிபி) சூட்டிலும் அழுத்தத்திலும் சிதைந்து, உலோகத்தின் மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் பூச்சை இடுகிறது. பூச்சின் கனம் ஏறக்குறைய 100 நானோமீட்டர். எஃகுக்குப் பதில் அந்தப் பூச்சு தேயும். தேய்ந்த இடத்தில் மறுபடி உருவாகும். அது போதிய கனத்தை எட்டியபின் ஆயிலில் இன்னும் ஜிங்க்கைக் கொட்டினாலும் பூச்சு தடிக்காது. கூடுதல் ஜிங்க் நீண்ட நாள் தீராமல் இருக்கும், அவ்வளவே.

டிடர்ஜென்ட் சேர்மானங்களும் அதே உலோகப் பரப்புக்குப் போட்டி போடுவதால், 800 பிபிஎம் உள்ள ஒரு ஆயில் 1,200 பிபிஎம் உள்ள இன்னொன்றைவிட நன்றாகக் காக்கவும் கூடும். ஐஎல்எஸ்ஏசி தரமுள்ள ஆயில்களில் பாஸ்பரஸ் 0.06 முதல் 0.08 சதவீதத்துக்குள்தான் (600 முதல் 800 பிபிஎம்) இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் பூச்சை அது நஞ்சாக்கும். அந்த அளவை வைத்துக்கொண்டேதான் இந்த ஆயில்கள் மேலே சொன்ன கேம் சோதனைகளில் தேறுகின்றன. ரோலர் இல்லாத தட்டை டேப்பெட், கடினமான வால்வ் ஸ்பிரிங், கன்வர்ட்டர் இல்லாத பழைய இன்ஜின் என்றால் மட்டும் 1,000 முதல் 1,200 பிபிஎம் பாஸ்பரஸ் உள்ள ஆயிலைத் தேடலாம். அதற்கென்றே தயாரித்த ஆயிலாக வாங்குங்கள். தனி பாட்டிலில் விற்கும் ஜிங்க் சேர்மானத்தை நவீன ஆயிலில் கலப்பது, ஏற்கெனவே சமன்செய்து வைத்த கலவையைக் குலைப்பதாகும்.

கேள்வி: பட்டியலில் முதல் வரிசையில் இருக்கும் கார் ஆயிலை பைக்கில் ஊற்றலாமா?

பதில்: கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும் பைக் என்றால் கூடாது. எரிபொருள் சேமிப்புக்காக வழுவழுப்பாக்கும் சேர்மானம் கார் ஆயில்களில் இருக்கும், கிளட்ச் நழுவும். டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்பது உலர் கிளட்ச் ஸ்கூட்டர்களுக்கு.

கேள்வி: இரண்டு ஆயில்களை என் இன்ஜினிலேயே ஓட்டி, பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். ஒன்றில் இரும்பு 12 பிபிஎம், மற்றதில் 18 பிபிஎம். இது சொந்த இன்ஜினில் எடுத்த கணக்காயிற்றே, 12 காட்டியதுதான் நல்ல ஆயில் என்று முடிவு செய்யலாமா?

பதில்: எத்தனை கிலோமீட்டர் ஓட்டியது என்று நீங்கள் எழுதவில்லை. முதல் ஆயில் 5,000 கி.மீ., இரண்டாவது 9,000 கி.மீ. ஓடியிருந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு முறையே 2.4, 2.0 பிபிஎம்; கதை தலைகீழ். இடையில் ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் அதுவும் இரும்பின் அளவை நீர்த்துக் காட்டும். 4 லிட்டர் கொள்ளும் சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) 1 லிட்டர் எரிந்து தீர்ந்து, புதிதாக 1 லிட்டர் ஊற்றினால் காரணமே இல்லாமல் எண் அழகாகத் தெரியும். ஒரு தடவை நெடுஞ்சாலைப் பயணம், மறுதடவை குளிர்ந்த இன்ஜினோடு குறும்பயணங்கள் என்றாலும் ஒப்பீடு செல்லாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஆய்வகத்தின் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஏறத்தாழ 5 முதல் 8 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களைத்தான் எரித்து எண்ணுகிறது. பேரிங் உரிந்து விழும் செதில்களும் கேம் உதிர்க்கும் சில்லுகளும் அதன் கண்ணில் படாது. இன்ஜின் உடையும் தறுவாயிலும் அறிக்கை அமைதியாக இருக்க வாய்ப்புண்டு. அதனால் ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரின் உறையை ஃபில்டர் வெட்டும் கருவியால் திறந்து (ரம்பம் வைத்தால் அதன் தூளே உள்ளே விழும்), மடிப்புத் தாளை விரித்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். காந்தம் இழுக்கும் மின்னும் துகள் எஃகு. இழுக்காத மஞ்சள் நிறம் செம்புக் கலவை. இழுக்காத வெண்மை அலுமினியமாகவோ பேரிங்கின் மேல்பூச்சாகவோ இருக்கலாம்.

அறிக்கை பயனற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டு ஆயில்களை மோதவிடுவதற்குத்தான் அது உதவாது. இன்ஜினின் நலத்தைக் கண்காணிக்க மிக நன்றாக உதவும். இரும்போடு சிலிக்கானும் சேர்ந்து ஏறினால் ஏர் ஃபில்டர் பெட்டியிலோ குழாயிலோ தூசி நுழைகிறது. எந்த ஆயிலை மாற்றினாலும் தேய்மானம் நிற்காது. சோடியமும் பொட்டாசியமும் கூடினால் கூலன்ட் கசிவைச் சந்தேகியுங்கள். 100 டிகிரியில் பாகுத்தன்மை ஒரு கிரேடு இறங்கி, ஃப்ளாஷ் பாயின்ட்டும் (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) இறங்கியிருந்தால் பெட்ரோல் கலந்திருக்கிறது. புது இன்ஜினில் இரும்பும் சிலிக்கானும் அதிகம் இருப்பது இயல்பு. முதல் சில ஆயில் மாற்றங்களில் படிப்படியாக இறங்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வண்டியை ஓட்டி ஆயில் நன்கு சூடேறிய பிறகு, இன்ஜினை நிறுத்திய சில நிமிடங்களுக்குள் எடுங்கள். ஆறவிட்டால் துகள்கள் அடியில் தங்கிவிடும். ட்ரெய்ன் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். முதலில் வரும் ஆயிலைப் பிடிக்காமல் ஓடவிட்டு, நடுவில் வரும் ஓட்டத்தில் சுமார் 100 மி.லி. பிடியுங்கள், கடைசியில் சொட்டுவது வேண்டாம். பாட்டில் புதியதாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். கழுவிய பழைய பாட்டிலில் எடுத்தால் சோப்பின் சோடியம் கூலன்ட் கசிவு போல அறிக்கையில் ஏறும். லேபிளில் ஆயிலின் பெயர், கிரேடு, அந்த ஆயிலில் ஓடிய தூரம், இன்ஜினின் மொத்தத் தூரம், இடையில் ஊற்றிய ஆயிலின் அளவு அனைத்தையும் எழுதுங்கள். ஒரே ஆயில், ஒரே இடைவெளி, ஒரே ஆய்வகம் என்று குறைந்தது மூன்று அறிக்கைகள் சேர்ந்த பிறகு உங்கள் இன்ஜினுக்கு எது இயல்பு என்பது தெரியவரும். அதற்குப் பிறகு வரும் அறிக்கையில் ஏதாவது ஓர் எண் திடீரென இரட்டித்தால், ஆயில் பிராண்டை மாற்ற யோசிக்கும் முன் ஏர் ஃபில்டரையும் கூலன்ட் அளவையும் பாருங்கள்.